கேட்டலும் திருத்தலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தறியோசை ஓயாத இந்த ஊரில் பத்தாண்டுகள் இடைவிடாமல் ஓர் இலக்கிய வட்டத்தை நடத்துவது எளிய செயலன்று. நூல் விலை ஏறியபோதும், கூலிப் பிரச்சினையால் தறிகள் நின்றபோதும் வட்டத்தின் கூட்டம் நிற்கவில்லை. அதற்கு முதற்கண் என் பாராட்டு. ‘வாய்மொழி வரலாறும் கல்லூரிக் கல்வியும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்தார்கள். தலைப்புப் பெரியது. என் அனுபவம் சிறியது. அச்சிறிய அனுபவத்தில் நான் செய்த ஒரு பிழையும் அடங்கியிருக்கிறது. அதனைச் சொல்லவே இன்று வந்தேன்.

வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அடுத்துக் கல்லாமை, அதற்கடுத்துக் கேள்வி. எழுத்தின் வழியே பெறும் அறிவுக்கு இணையாகச் செவியின் வழியே பெறும் அறிவையும் வைத்தார். அச்சொல்லின் அழகைப் பாருங்கள். நாம் வினவுவதும் கேள்வி. பிறர் சொல்வதைச் செவிமடுப்பதும் கேள்வி. இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் வாய்மொழி வரலாறு என்று போற்றும் துறையின் இரு பாதிகளும் இந்த ஒரு தமிழ்ச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆனால் நாம் வினவும் பாதியைப் பிடித்துக்கொண்டு, செவிமடுக்கும் பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

வாய்மொழி வரலாறு என்பது நாட்டார் வழக்காறு அன்று. தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி, அதாவது 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைப் பற்றி, இன்று ஒரு பாட்டி சொல்வாராயின் அது வழிவழி வந்த வழக்காறு. அவர் கண்டதன்று, கேட்டது. அதே பாட்டி தாம் முதன்முதலில் தறியில் நின்ற நாளைச் சொன்னால் அது வாய்மொழி வரலாறு. கண்டவர், செய்தவர், பட்டவர் தாமே சொல்வது. அதனை ஒருவர் முறையாக வினவிக் கேட்டு, ஒலியாகவும் எழுத்தாகவும் காத்து வைப்பது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்சு இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். அங்கே தொடக்கத்தில் பெருமக்களின் நினைவுகளே மிகுதியாகப் பதிவு செய்யப்பட்டன. எளிய மக்களின் குரலே இத்துறையின் உயிர் என்று பின்வந்தோர் நிறுவினர். இங்கிலாந்தின் பால் தாம்சன் 1978-இல் எழுதிய நூல் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

நம் ஊருக்கு இது ஏன் வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2021 நவம்பரில் அரசு முன்னின்று நடத்திய பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும் மற்ற ரகங்களுக்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு என்று முடிவாயிற்று. நூறாண்டு கழித்து அந்தத் தாளை மட்டும் எடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியாளர், அவ்வாண்டில் நெசவாளர் கூலி உயர்ந்தது என்றே எழுதுவார். ஆனால் 2022 சனவரி 9 முதல் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் தறிகள் நின்றன. ஏன்? அறிவித்த உயர்வு கைக்கு வரவில்லை என்பதற்காக. அந்த நாள்களில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எப்படி எரிந்தது, எந்த நகை அடகுக்குப் போயிற்று, கூலிக்கு நெய்பவர் தமக்குப் பாவு நூல் தரும் உற்பத்தியாளரின் முகத்தை எப்படி ஏறிட்டுப் பார்த்தார் என்பதை எந்தத் தாளும் சொல்லாது. தாள் முடிவைச் சொல்லும். வாய் அந்த முடிவுக்கு நேர்ந்த கதியைச் சொல்லும்.

இன்னொன்று. நமக்கு மேற்கே அவிநாசி சாலையில் சின்னியம்பாளையம் இருக்கிறது. இராமையன், இரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்னும் நான்கு ஆலைத் தொழிலாளர் 1946 சனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். நீதிமன்றத் தாள் அவர்களைக் குற்றவாளிகளாக அறியும். தொழிற்சங்க மேடை தியாகிகளாக அறியும். ஆலைவிட்டு வீடு திரும்பும் வழியில் என்ன பேசுவார்கள், யாருக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும் என்பதை அறிந்தவர் அண்டை அயலார் மட்டுமே. அந்நாளில் பத்து வயதுச் சிறுவராய் இருந்தவர்க்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. ஏடு கரையானுக்கு இரையாவதைக் கண்டு கண்ணீர் விட்ட மரபு நம்முடையது. மனித நினைவும் ஓர் ஏடுதான். அதற்குப் படி எடுக்கும் காலம் குறுகிக்கொண்டே போகிறது.

இந்த எண்ணத்தோடுதான் சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவியர்க்கு ஒரு பயிற்சி வைத்தேன். ‘உங்கள் தெருவில் அறுபதைக் கடந்த ஒருவரிடம் சென்று கேளுங்கள். அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பின் எழுதிக் கொண்டுவாருங்கள்’ என்றேன். மாணவியருள் பலர் தறிக்குடோன் வைத்திருப்போர் வீட்டுப் பெண்கள். சிலர் அந்தக் குடோன்களில் தறி ஓட்டுவோரின் பெண்கள். முதற்சுற்றில் கிடைத்தவை வெறும் விண்ணப்பப் படிவங்கள்! ‘எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தீர்கள்?’ ‘நினைவில்லை.’ ‘கூலி எவ்வளவு?’ ‘கொஞ்சந்தான்.’ குறை பெரியவர்களிடம் இல்லை. எங்கள் கேள்வியில் இருந்தது. பாட்டிமார் ஆண்டுக் கணக்கில் வாழ்வதில்லை. ‘எம்.ஜி.ஆர். இறந்தபோது எந்தத் தறியில் நின்றீர்கள்?’ என்று கேட்டதும் 1987 திசம்பர் அப்படியே எழுந்து வந்தது. அன்று பாவில் இருந்த நூலின் நிறம் முதற்கொண்டு வந்தது. ‘பேரேட்டைத் திறக்காதீர்கள், பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்’ என்று மாணவியர்க்குச் சொன்னேன். ஒரு பழைய நாடாவை, ஒரு தார்க்குச்சியைக் கையில் கொடுத்தால் போதும். கை நினைவு கூரும், வாய் பின்தொடரும்.

இரண்டாம் சுற்றில் ஒரு மாணவி பத்துப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டு மூதாட்டியின் வாழ்க்கை. கணவரோடு சேர்ந்து நாற்பதாண்டுகள் கூலிக்குத் தறி ஓட்டியவர். மாணவி அவர் பேசியபடியே எழுதியிருந்தாள். ‘சோறாக்கி வெச்சுப்போட்டு’, ‘ஊட்டுக்கு வந்துபோட்டு’ என்று வரிக்கு வரி நம் கொங்குப் பேச்சு. துறையின் மலரில் வெளியிட வேண்டும் என்னும் ஆர்வத்தில் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். திருத்துவது என் தொழில்; இருபதாண்டுகளாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ‘வெச்சுப்போட்டு’ என்பது ‘வைத்துவிட்டு’ ஆயிற்று. அறுந்த வாக்கியங்களைப் பிணைத்தேன். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை நீக்கினேன். ஓரிடத்தில் மூதாட்டி, ‘தறி நின்னா எனக்குக் காது கேக்காது கண்ணு’ என்று சொல்லியிருந்தார். தறிச் சத்தத்தால் காது கேளாமற் போவதை நாம் அறிவோம். தறி ஓடும்போது கேட்காது என்பதைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார், அல்லது மாணவி தவறாகக் கேட்டுவிட்டாள் என்று முடிவு செய்தேன். ‘தறியின் ஓயாத இரைச்சலால் என் செவிப்புலன் பழுதுற்றது’ என்று திருத்தினேன். நல்ல தமிழ், இலக்கணப் பிழையற்ற தமிழ்.

அச்சுக்குக் கொடுக்குமுன் அவருக்கே படித்துக் காட்டுவோம் என்று மாணவி விரும்பினாள். உடன் சென்றேன். மூதாட்டி பொறுமையாகக் கேட்டார். அந்த வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். ‘நா அப்புடிச் சொல்லலீங்களே டீச்சரம்மா. தறி ஓடறப்ப எனக்கு எல்லாங் கேக்குமுங்க. நின்னாத்தான் கேக்காது’ என்றார்.

பிறகு விளக்கினார். ஓடும் தறியின் ஓசையை வைத்தே எந்தத் தறியில் நூல் அறுந்தது, எதில் தார் தீர்ந்தது என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிடுவார். அந்தச் சத்தத்துக்குள் தொட்டிற் பிள்ளையின் அழுகையும் தனியே கேட்கும். தறி நின்றவுடன் காதுக்குள் ஒரே இரைச்சல்; எதிரே இருப்பவர் பேசுவது விளங்காது. அத்தோடு அவர் நிற்கவில்லை. கூலிப் பிரச்சினையில் வாரக்கணக்கில் தறி நின்ற ஓர் ஆண்டை நினைத்துக்கொண்டு, ‘தறி நின்ன வருசத்துல ஊடே செவிடாப் போச்சுங்க’ என்றார். வேலை இல்லை, வரவு இல்லை, வாசலுக்கு வருவோர் இல்லை, வீட்டுக்குள் பேச்சும் இல்லை. தறி நின்றால் காது கேளாது என்ற ஆறு சொல் வாக்கியத்தில் ஒரு தொழிலாளியின் உடலும் ஒரு வேலைநிறுத்தக் காலமும் சேர்ந்திருந்தன. நான் அதனை ஒரு நோய்க் குறிப்பாக மாற்றியிருந்தேன்.

அவையோரே, நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தது பழந்தமிழ் நூல்களின் பாட வேறுபாடுகளை. ஏடு பெயர்த்து எழுதுவோர் தமக்கு விளங்காத அரிய சொல்லை விளங்கும் எளிய சொல்லாக மாற்றிவிடுவர். ஆதலின் இரு பாடங்களுள் அரியதே பெரும்பாலும் பழமையானது என்பது பதிப்பியலின் அரிச்சுவடி. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் தமக்குக் கிடைத்த வேறு பாடங்களை மறைக்காமல் அடிக்குறிப்பில் கொடுத்தார். அந்த நேர்மையால்தான் பின்வந்தோர் ஆராய முடிந்தது. பெயரறியாத ஏடெழுதுவோரை எத்தனையோ வகுப்புகளில் குறை கூறியவள் நான். உயிரோடு முன்னால் அமர்ந்திருந்த ஓர் ஏட்டின் அரிய பாடத்தை அழித்து எளிய பாடத்தை எழுதினேன். அடிக்குறிப்பும் போடவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு இருக்கிறதே, அதனை வைத்து முழுவதையும் மீட்டுவிடலாம் என்று எண்ணினேன். செவ்வையான படி ஆயத்தமாகிவிட்டதே என்று மாணவி கைப்பேசியில் இடம் வேண்டி அதனை அழித்திருந்தாள். பழைய படியும் கிழித்தெறியப்பட்டுவிட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். திருத்திய படிதான் உயர்ந்தது என்று அவளுக்குக் கற்பித்தவள் நானே. மூதாட்டி பத்துப் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தினார். மற்ற பக்கங்களில் நான் என்னென்ன செய்திருக்கிறேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுபடியும் பதிவு செய்தோம். முதன்முறை சொன்ன ஒரு செய்தியை இரண்டாம் முறை அவர் சொல்லவில்லை. மாணவி நினைவூட்டியபோது, ‘அதெல்லாம் எதுக்குக் கண்ணு’ என்று நிறுத்திக்கொண்டார். அது இன்னதென்று இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை. இலக்கணத்தை மட்டும் சொல்கிறேன். ‘நாந்தான் பண்ணுனேன்’ என்று அவர் சொல்லியிருந்ததாக மாணவிக்கு நினைவு. என் செவ்வையான படியில் அது ‘நேர்ந்தது’ என்று இருந்தது. ஒரு தாய் தன்மேல் ஏற்றுக்கொண்ட பொறுப்பை வினைமுற்றை மாற்றி நான் யாருக்கும் உரியதல்லாததாக ஆக்கிவிட்டேன். (தறி பற்றிய வரியை அவையில் சொல்ல அவரிடம் ஒப்புதல் பெற்றே வந்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றார்.)

இத்தாலியில் நடந்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. தெர்னி என்னும் எஃகு ஆலை நகரில், 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ உடன்படிக்கையை எதிர்த்து ஆலையைவிட்டு ஊர்வலமாக வெளிவந்த தொழிலாளருள் லூயிச்சி திரசுதுல்லி என்னும் இளைஞர் காவல்துறையால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அலெசாந்திரோ போர்தெல்லி என்னும் ஆய்வாளர் அந்நகர மக்களிடம் கேட்டபோது, பலர் அந்தச் சாவு 1953-இல், பெரும் ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். நான்காண்டுப் பிழை! பழைய வரலாற்றாசிரியராயின் இந்தச் சாட்சிகளைத் தள்ளியிருப்பார். போர்தெல்லி, ஏன் எல்லாரும் ஒரே திசையில் பிழை செய்கிறார்கள் என்று கேட்டார். கண்முன்னே தோழர் ஒருவர் விழுந்தும் ஏதும் செய்யாமல் இருந்துவிட்டோமே என்ற உறுத்தல் அவர்களிடம் ஆறாமல் இருந்தது. தம் வாழ்வையே புரட்டிப்போட்ட பெரிய போராட்டத்துக்கு அந்தச் சாவை நினைவு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. சாவின் தேதியைத் தாள் சொல்லியது. சாவின் பொருளைப் பிழை சொல்லியது. திருத்தியிருந்தால் தேதி நின்றிருக்கும், பொருள் போயிருக்கும்.

அப்படியானால் சொன்னதெல்லாம் மெய்யா என்று கேட்பீர்கள். இல்லை. போர்தெல்லியும் 1949 என்னும் தேதியைத் தாள்களால் உறுதி செய்த பின்னரே பிழையின் பொருளை ஆராய்ந்தார். நம் அண்டை ஊரான திருப்பூரைப் பற்றிச் சரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004-இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னலாடை முதலாளிகளாய் உயர்ந்த பலர், ‘எப்படி உயர்ந்தீர்கள்?’ என்ற வினாவுக்கு ‘உழைப்பு’ என்ற ஒரே சொல்லை விடையாகத் தந்ததை அவர் ஆராய்கிறார். அது பொய்யன்று, அவர்களுள் பலர் தொழிலாளராய்த் தொடங்கியவர்களே. ஆனால் முழு மெய்யுமன்று. சாதி உறவும், பெண் கொண்டுவந்த சீரும், பிறர் உழைப்பும் அந்தச் சொல்லின் நிழலில் மறைந்து நிற்கின்றன. 1984-இல் அதே நகரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்நாள்களைப் பற்றி முதலாளியிடம் கேட்டால் ஒரு கதை. தொழிலாளியிடம் கேட்டால் வேறு கதை. கைமடித்து வந்த பெண்ணிடம் எவரேனும் கேட்டோமா என்பது மூன்றாம் வினா. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்தும், அதில் பங்குபெற்ற பெண்களின் குரல் 1986-இல் ஐதராபாத்தின் திரீ சக்தி சங்கடனா தெலுங்கில் வெளியிட்ட தொகுப்பில்தான் முழுமையாக ஒலித்தது. பேசத் தெரியாமல் அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை. அம்பை என்னும் பெயரில் நாம் அறிந்த சி.எஸ். இலட்சுமி 1988-இல் மும்பையில் பெண்களுக்கென ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தை அமைத்ததும் இக்குறையை உணர்ந்தே.

இவ்வளவும் பட்டறிந்த பின் எங்கள் வகுப்பில் சில முறைகளை வகுத்துக்கொண்டோம். ஒலிப்பதிவை எக்காரணம் கொண்டும் அழிப்பதில்லை. கைப்பேசியில் மட்டும் வைக்காமல் வேறோர் இடத்திலும் வைக்கிறோம். சொன்னபடியே ஒரு படி எழுதுகிறோம். தயக்கத்தையும் இடையில் விழும் மௌனத்தையும் குறிக்கிறோம். படிப்போர் வசதிக்காகச் செவ்வையாக்கினால் அது இரண்டாம் படி. முதற்படி அருகிலேயே இருக்கும். விளங்காத இடத்தைத் திருத்தாமல் அடிக்குறிப்பிடுகிறோம். கூலி ஒப்பந்தம், பள்ளிப் பதிவேடு, குடும்ப அட்டை, துண்டறிக்கை எது கிடைத்தாலும் ஒப்பிடுகிறோம். முரண்பட்டால் இரண்டையும் வைக்கிறோம். எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்டாமல் வெளியிடுவதில்லை. ‘இது வேண்டாம்’ என்று அவர் சொன்னால் நீக்குகிறோம். நாளை அதே குடோனுக்கு வேலைக்குப் போக வேண்டியவரின் பெயரை அச்சிட்டுவிட்டு நாம் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட முடியாது.

இதனால் மாணவியர் பெற்ற பயன் என்ன? வரலாறு தில்லியிலும் தஞ்சையிலும் நடப்பது என்று எண்ணியிருந்தவர்கள், தம் வீட்டுத் திண்ணையிலும் நடந்திருக்கிறது என்று கண்டார்கள். தறி உரிமையாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, தன் வீட்டுத் தறியில் நின்றவரிடம் கேட்டு எழுதி வந்ததை வகுப்பில் படிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டாள். எவரும் எதுவும் சொல்லவில்லை. அவளே சிறிது நேரம் கழித்துத் தொடர்ந்தாள். என் பணிக்காலத்தில் நான் கண்ட சிறந்த பாடவேளைகளுள் அது ஒன்று. அதில் நான் ஒரு சொல்லும் பேசவில்லை.

கவிஞர் பெருமக்களே, இது உங்களுக்கும் உரியது. நெசவாளியின் துயரை நம் வட்டத்தில் பாடாதவர் இல்லை. பாடுங்கள். ஆனால் அவர் வாயில் நம் சொல்லை வைக்கும்போது கை சற்றே நடுங்கட்டும். ‘செவிப்புலன் பழுதுற்றது’ என்பதும் இரக்கத்தோடு எழுதிய வரிதான். இரக்கம் இருந்தது, கேள்வி இல்லை.

நிறைவாக ஒரு விண்ணப்பம். இரண்டாம் பத்தாண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், கவியரங்கத்தோடு ஒரு கேள்வியரங்கமும் நடத்த வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பெரியவரிடம் கேட்டுப் பதிவு செய்யட்டும். கைத்தறி விசைத்தறியாக மாறியதைக் கண்டவர், பாவு பிணைப்பவர், நொய்யலில் குளித்தவர், 2017 செப்டம்பர் 7 அன்று நம் பேருந்து நிலையத்தின் கூரை இடிந்து ஐவர் மாண்டபோது ஓடிவந்து தூக்கியவர் என எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாள், இடம், ஒப்புதல் ஆகியவற்றைக் குறித்து அந்த ஒலியை வட்டத்தின் பொறுப்பில் வைப்போம். பொருள் விளங்காத வரிகள் வரும். வரட்டும். நமக்கு விளங்காத ஒன்றை நமக்குப் பின் வருபவர் விளங்கிக்கொள்வர். நாம் அதனைத் திருத்தாமல் விட்டிருந்தால்.